காக்கை வருகையும் மாப்பிள்ளை பசியும்: ஆர்.கே.பேட்டைப் புழக்கடை ஒன்றை முன்வைத்து

இந்த ஆய்வு பிறந்தது ஓர் ஆடி அமாவாசையன்று, பகல் ஒன்றரை மணிக்கு, காலி வயிற்றில். நடுவீட்டில் இலை போட்டாகிவிட்டது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, பாயசம் எல்லாம் தயார். வெங்காயம் பூண்டு சேராத சாம்பாருக்குக்கூட அன்று ஊரைக் கூட்டும் வாசனை இருந்தது. புழக்கடை மதில்மேல் ஒரு துண்டு வாழை இலையில் கைப்பிடிச் சோறு, அதன் தலையில் பருப்பும் நெய்யும், ஓரத்தில் ஒரு வடை. காக்கை வரவில்லை.

காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. இது விதி. விதியை நடைமுறைப்படுத்துபவர் என் அத்தை, அதாவது மனைவியின் தாயார். நானோ வீட்டோட மாப்பிள்ளை. விதியைத் திருத்தக் கோரும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆராய்ச்சி செய்யலாம், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

முதலில் கலைச்சொல் ஒன்றை நிறுவிக்கொள்வோம். சோற்றை மதிலில் வைத்த கணத்துக்கும் காக்கையின் அலகு அதில் படும் கணத்துக்கும் இடைப்பட்ட பொழுது, இக்கட்டுரையில் 'காத்திருப்புக் காலம்' எனப்படும். அலகு பட்டால்தான் கணக்கு. மதிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோவதை வருகையாகச் சேர்க்கக் கூடாது என்பதில் அத்தை கண்டிப்பானவர். அணில் எடுத்தாலும் செல்லாது. ஒருமுறை மைனா வந்து பருப்பைக் கொத்தியபோது, "அதுவும் கறுப்புதானே அத்தை" என்று வாதாடிப் பார்த்தேன்.

"தலைதான் கறுப்பு. உடம்பு காப்பிக்கொட்டை கலரு மாப்ளே," என்றார். சாலிம் அலியே வந்து உட்கார்ந்திருந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

ஆய்வுக் களம்

ஊருக்கு முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. பஸ் போர்டில் அவ்வளவு இடம் கிடையாது. 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பக்கமெல்லாம் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால் ஊரில் இரண்டு மொழியும் புழங்கும். தமிழ் வீட்டில் காக்கா, தெலுங்கு வீட்டில் காகி. கூப்பிடும்போது மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே சொல்: கா... கா... எல்லைக் கமிஷன் கை வைக்கத் தேவைப்படாத சொல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தெருவுக்குத் தெரு விசைத்தறி. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு தறிக்கூடம் உண்டு. 2023இலிருந்து இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை விசைத்தறிக்கு மின்சாரம் இலவசம். சத்தம் எல்லா யூனிட்டுக்கும் இலவசம். இவ்வளவு இரைச்சலில் பறவை வருமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வரும். தறி ஓடும்வரை மைனாவும் தவிட்டுக்குருவியும் நிம்மதியாக மேயும். கரண்டு போய்த் தறி சட்டென்று நின்றால்தான் அத்தனையும் திடுக்கிட்டு எழுந்து பறக்கும். அமைதி என்றால் ஏதோ ஆபத்து என்பது இந்த ஊர்ப் பறவைகளின் அனுபவம்.

புழக்கடையின் நிலவரம்: ஒரு துவைக்கிற கல், ஒரு போர் பைப்பு, ஒரு முருங்கை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட விறகுக் கொட்டகை, மதிலுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அண்ணனின் வேம்பு. வேம்பின் உச்சிக் கவட்டில் காக்கைக் கூடு. சுள்ளி, கட்டுக்கம்பி, கூடவே தறிக்கூடத்தில் கூட்டித் தள்ளிய அறுந்த நூல். போன வருஷக் கூட்டில் வாடாமல்லி நிறமும் கிளிப்பச்சையும் தொங்கின. எந்தப் பார்ட்டிக்கு ஓடிய பாவின் நூல் அது என்று தறிக்காரத் தம்பி அண்ணாந்து பார்த்தே சொல்லிவிட்டான்.

பறவை பார்க்கிற கௌரவமான வேலை எங்கள் மாவட்டத்தில் பழவேற்காட்டில் நடக்கிறது. அங்கே பூநாரை வரும். காரில் ஆள் வரும். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதே மாவட்டத்தின் மேற்கு மூலையில், லுங்கியோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மதிலைப் பார்ப்பவனை யாரும் பறவை ஆர்வலன் என்று சொல்வதில்லை. "இன்னா மாப்ளே, இன்னும் சாப்புடலயா?" என்றுதான் கேட்கிறார்கள்.

முன்னோடிகள்

இத்துறையின் முதல் ஆய்வாளர் ஒரு பெண். சங்கப் புலவர் நச்செள்ளையார் காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் ஆனார். குறுந்தொகையின் 210ஆம் பாட்டு அது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வருகிறான். வருமுன் விருந்து வரும் என்று காக்கை கரைந்து தலைவியின் துயரைத் தணித்திருக்கிறது. அந்தக் காக்கைக்கு என்ன கொடுப்பது? நள்ளியின் காட்டு ஆயர்கள் வளர்க்கும் பசுக்களின் நெய்யை ஊற்றி, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் அது கொஞ்சம்தான் என்கிறாள் தோழி. எங்கள் வீட்டில் வைப்பது ஒரு கைப்பிடி. காத்திருப்புக் காலம் நீளுவதற்கு இந்த வித்தியாசமே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கட்டத்தில் சந்தேகப்பட்டு, "ஏழு கலம் வைக்கணுமாம் அத்தை" என்றேன். "ரேஷன் கார்டுல காக்கா பேரை நீங்க சேத்துட்டு வாங்க, நான் வைக்கிறேன்" என்று பதில் வந்தது.

ஆய்வு நிதி பற்றியும் ஒரு வார்த்தை. நச்செள்ளையாருக்கு 9 கா பொன்னும் 1,00,000 காணமும் கிடைத்தன. இதைக் கேள்விப்பட்டுக் காக்கை ஆய்வில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் அவசரப்பட வேண்டாம். அந்தப் பரிசு பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியதற்கு. காக்கையைப் பாடியதற்குப் பட்டப்பெயரோடு சரி.

வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில், 527ஆம் குறளில், காக்கை இரையை மறைக்காது, இனத்தைக் கூப்பிட்டுத்தான் உண்ணும் என்கிறார். களத்தில் பார்த்தவரையில் இது சோற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு காக்கை வந்தால் அது போடும் கூச்சலில் மூன்று வந்துவிடும். வடை விஷயம் வேறு. போன தை அமாவாசையன்று ஒரு காக்கை வடையைக் கவ்விக்கொண்டு சத்தமே காட்டாமல் விறகுக் கொட்டகைக் கூரைக்குப் போயிற்று. ஷீட்டின் மடிப்புக்குள் வடையைச் செருகியது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தது. திருப்தி இல்லை. ஒரு காய்ந்த முருங்கைக் காம்பை இழுத்து வந்து அதன்மேல் போட்டது. பிறகு ஒன்றும் தெரியாததுபோல மதிலுக்கு வந்து சோற்றின் முன் நின்று "கா" என்று சொந்தங்களை அழைத்தது. வள்ளுவர் வீட்டு மதிலில் உளுந்து வடை வைக்கும் வழக்கம் இருந்ததா என்பது உரையாசிரியர்கள் தொடாத இடம்.

அறிவியல் பெயர் கோர்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ். 1817இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. ஸ்ப்ளெண்டென்ஸ் என்றால் லத்தீனில் பளபளப்பது என்று பொருள். கன்னங்கரேலென்ற அண்டங்காக்கையை விட்டுவிட்டு, கழுத்தில் சாம்பல் பூசிய ஊர்க்காக்கைக்கு அந்தப் பேரைச் சூட்டியிருக்கிறார். வெயிலில் முதுகைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். நீலமும் ஊதாவும் எண்ணெய் மாதிரி ஓடும்.

இந்திய அரசுக்கு அந்தப் பளபளப்பு ரொம்ப நாள் கண்ணில் படவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஐந்தாம் அட்டவணையில் காக்கையை எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு சேர்த்துத் தொல்லை உயிரி என்று எழுதி வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே போயிற்று. அதாவது சரியாக 50 வருஷம், அமாவாசைதோறும் நாம் முன்னோர் என்று அழைத்த ஆளைச் சட்டம் எலியோடு பந்தியில் உட்கார வைத்திருந்தது. அத்தையிடம் சொன்னேன். "எழுதுனவன் வீட்டுல அமாவாசையே கெடையாதா?" என்றார். கென்யாவில் 2024க்குள் 10 லட்சம் காக்கைகளை ஒழிக்கத் திட்டம் போட்ட செய்தியையும் சொல்லியிருக்கலாம். கப்பலேறிப் போய் ஆப்பிரிக்கக் கரையில் குடியேறிய நம்மூர்க் காக்கைகள்தான் அவை. அங்கத்துச் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கின்றன என்பது அவர்கள் வழக்கு. சொல்லவில்லை. அன்றைக்கு அமாவாசை.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஒருவர் மாடியில் பலகை அடித்து ஊறவைத்த அரிசி வைத்து, ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகளை வரவழைத்தார். பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. அவர் சாதனையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் கிளி வந்தால்தான் சாப்பாடு என்ற நிபந்தனை அவர் வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை.

கருதுகோள்களும் அவற்றின் கதியும்

முதல் கருதுகோள் அத்தையுடையது. மாமாவுக்கு ஏதோ மனக்குறை. மாமா இருந்தவரை பாயசத்தில் முந்திரி குறைந்தால் இலையைவிட்டு எழுந்துவிடுவாராம். அதன்படி ஆவணி அமாவாசைக்குச் சோற்றோடு நாலு முந்திரி வைக்கப்பட்டது. அணில் எடுத்துக்கொண்டு போயிற்று.

இரண்டாவது தறிக்காரத் தம்பி சொன்னது. "எல்லா வூட்டுலயும் ஒரே டைமுக்கு வெச்சா அது எங்கணா வரும்? பாவம், அதுக்கு இன்னா பத்து வயிறா கீது?" இதில் கனம் இருக்கிறது. அமாவாசையன்று பன்னிரண்டு மணிக்கு ஊரில் ஒவ்வொரு மதிலும் ஒரு பந்தி. காக்கைகள் அதே எண்ணிக்கைதான். மற்ற நாளில் எச்சில் இலைக்கு அடித்துக்கொள்ளும் பறவை, அன்று மதில் மதிலாகப் பார்த்து, நெய் விட்டிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு உட்காருகிறது. சந்தை நெரிசலைத் தவிர்க்க நாங்கள் பதினொரு மணிக்கே வைத்துப் பார்த்தோம். பலன், பதினொன்றிலிருந்தே பசிக்கத் தொடங்கியது.

மூன்றாவது, குரல். 'கா' என்பதை நெடிலில் இழுக்க வேண்டுமா, குறிலாக வெட்ட வேண்டுமா, எத்தனை முறை? அத்தை இரண்டு முறை கூப்பிட்டால் போதும். நான் கூப்பிட்டால் எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்ப்பார்.

இடையில், பறவை பார்ப்பவர்கள் செய்வதை நாமும் செய்வோம் என்று தை மாதம் இறங்கினேன். 2015இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கும் போக வேண்டியதில்லை, வீட்டுக் கொல்லையிலேயே குறைந்தது 15 நிமிஷம் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டில் பதிவு செய்தால் போதும். பொங்கலுக்கு மறுநாள் காலை. பக்கத்து வீட்டில் பெண்கள் மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் உருண்டை உருண்டையாகக் கணுப்பிடி வைத்திருந்தார்கள். பறவை வருவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. என் பட்டியல்: தவிட்டுக்குருவி 7, மைனா 2, மணிப்புறா 2, இரட்டைவால் குருவி 1, மின்கம்பியில் மீன்கொத்தி 1. செம்போத்து குரல் மட்டும். சிட்டுக்குருவி எதிர்வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி. காக்கை 0.

ஊரில் எங்கே பார்த்தாலும் இருக்கிற பறவை, கூப்பிட்டுச் சோறு போடுகிற நாளில், என் கணக்கில் மட்டும் பூஜ்யம். அங்கேதான் முதல் பொறி தட்டியது. நான் எழுந்து உள்ளே போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மதிலில் நான்கு காக்கைகள்.

மறுநாளும் அப்படியே. காலையில் மற்றப் பறவைகளுக்காக மண்சட்டியில் தண்ணீர் வைப்பேன். நான் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. கதவைச் சாத்தியதும் ஒரு காக்கை எங்கிருந்தோ கோழி எலும்பைக் கொண்டுவந்து சட்டியில் போட்டு, புரட்டி ஊற வைத்து, ஆற அமரத் தின்னும். காய்ந்த சப்பாத்தி என்றாலும் அதே நனைத்தல்தான். ஜன்னல் திரைச்சீலையை ஓர் அங்குலம் விலக்கிப் பார்ப்பேன். தலையைச் சாய்க்கும். என் திசையில் ஒரு கண். காக்கைக்கு ஒரு கண்தான், அதுதான் இரண்டு பக்கமும் உருளும் என்பது அத்தையின் கட்சி. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஒன்றைக் கூர்ந்து பார்க்கத் தலையைச் சாய்க்கிறது என்பது என் கட்சி. எந்தக் கட்சியானாலும் அந்தப் பார்வையில் இருந்தது விரோதம்.

பழைய குற்றம்

இங்கே ஆய்வாளர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தின வைகாசியில் வேம்பிலிருந்து ஒரு குஞ்சு விழுந்தது. பூனை மதிலேறி வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் குஞ்சைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான். ஒரு தெருக் காக்கை முழுக்கத் திரண்டுவிட்டது. உச்சந்தலையில் முதல் அடி பின்பக்கமிருந்து விழுந்தது. அலகா நகமா தெரியவில்லை. இரண்டாவது காதோரம். குஞ்சைத் துவைக்கிற கல்லில் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அன்றிலிருந்து பத்து நாள் நான் புழக்கடைக்குப் போவது தலைமேல் முறத்தோடுதான்.

இதில் வேடிக்கை, அது காக்கைக் குஞ்சே இல்லை. கறுப்பு இறக்கையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். குயில். காக்கை கூடு கட்டும் காலம் பார்த்துக் குயில் அதில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். காக்கை அடைகாத்து, ஊட்டி, பறக்கும்வரை வளர்க்கும். அந்த யாரோ பெற்ற பிள்ளைக்காகத்தான் என் மண்டை பிளந்தது. மஞ்சள் பற்றோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் நடந்ததைக் கேட்டார். குயில் என்றதும் என்னையும் வேம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுவும் அடுத்த வூட்டுச் சோறுதான் துன்னுது. ஒரே கேஸு. வுடுப்பா," என்றார்.

காக்கை மனித முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமா? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் இதைச் சோதித்தார். குகை மனிதன் முகமூடி மாட்டிக்கொண்டு வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்துகொண்டு திட்டித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. வருஷங்கள் ஆகியும் ஓயவில்லை. ஒப்பீட்டுக்காக அவர்கள் பயன்படுத்திய இன்னொரு முகமூடி அன்றைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் சேனியுடையது. அதை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஈராக் விவகாரம் காக்கைகளை எட்டவில்லை போலும்.

அது அமெரிக்கக் காக்கை, வேறு இனம். ஆனாலும் குடும்பம் ஒன்று, குணமும் ஒன்று என்றே எனக்குப் பட்டது. காத்திருப்புக் காலத்தை நீட்டியது நெரிசலில்லை, முந்திரியில்லை, மாமாவின் மனக்குறையுமில்லை. எல்லாரையும்விட அதிகப் பசியோடு, கிட்ட நின்று, மதிலையே முறைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள்தான்.

இந்த முடிவை வீட்டில் அறிவித்தபோது எதிர்பார்த்த அதிர்ச்சி யாருக்கும் இல்லை. "இது எங்களுக்கு ஆடியிலயே தெரியும்," என்றாள் மனைவி. "எப்படிச் சொல்றதுன்னுதான் அம்மா இருந்தாங்க." மருமகனை எழுந்து போகச் சொல்வது மரியாதையாகாது என்று அத்தை ஒன்றரை மணி, இரண்டு மணி வரை பட்டினி கிடந்திருக்கிறார்.

முகமூடிப் பரிசோதனை

புரட்டாசி மகாளய அமாவாசை. தறிக்கூடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஆய்வாளன் களத்தில் இல்லாமல் ஆய்வு ஏது? டிக் சேனி முகமூடிக்கு ஆர்.கே.பேட்டையில் வழியில்லை. மோட்டார் பைக் ஹெல்மெட் இருந்தது. முகம் முழுக்க மூடுகிற வகை, முன்னால் கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

உள்ளே புழுக்கம். மூச்சு கண்ணாடியில் படிந்து மதில் மங்கலாகத் தெரிந்தது. தறிக்காரத் தம்பி பாபின் கூடையோடு வந்தவன் நின்றுவிட்டான். "எங்கணா கெளம்பிட்டீங்க?" சைகையால் போகச் சொன்னேன். அத்தை வந்து இலையை மதிலில் வைத்து, நெய் விட்டு, இரண்டு முறை கூப்பிட்டார். வேம்பில் அசைவு. ஒன்று மின்கம்பிக்கு வந்தது. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பியில் தீட்டியது. என்னைப் பார்த்தது. ஒரு கண், பிறகு மறு கண். மதிலின் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே இறங்கிப் பக்கவாட்டில் நாலு தத்து. கழுத்து நீண்டது.

அலகு பருப்பில் பட்டது. கணக்குப்படி நான்கு நிமிஷம்.

"வந்துட்டாரு," என்றார் அத்தை, சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு. நான் பாய்ந்து எழுந்து உள்ளே போய் இலை முன் உட்கார்ந்தேன். ஹெல்மெட் வாரில் கை வைத்தேன். சமையல்கட்டு ஜன்னல் வழியே மதில் நேராகத் தெரிந்தது. மதிலிலிருந்து பார்த்தால் நானும் அப்படியே தெரிவேன்.

"கழட்டாதீங்க மாப்ளே. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றபடி அத்தை எனக்கு வடை வைத்தார்.

இடது கையால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வடையை உள்ளே விட்டேன்.